வெள்ளவத்தையில் நான் படித்த பௌதிகவியல் வகுப்பு

உயர்தரப் பரீட்சைக்குக் கொழும்பில் நான் முதலில் போன வகுப்பில் மண்டபம் நிறையப் பிள்ளைகள், சேர் கையில் மைக், நாங்கள் கை வலிக்க வலிக்க எழுதிக்கொண்டே இருப்போம். பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் நடக்கும் இந்தச் சின்ன வகுப்புக்கு மாறினேன். மொத்தம் 12 பேர்.

இங்கே சேர் நடத்திய பாடத்தை அடுத்த கிழமை எங்களில் ஒருவர் முன்னால் வந்து நடத்த வேண்டும். யார் என்று அந்த நேரத்தில்தான் சொல்வார்.

எனக்கு முதலில் வந்தது நேர்மேலே எறிந்த பந்து. சமன்பாடெல்லாம் தலைகீழாகப் பாடம். ‘உச்சியில் வேகம் பூச்சியம்’ என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் பின் வாங்கிலிருந்து ஒருத்தி, "அப்ப அந்த இடத்தில ஆர்முடுகலும் பூச்சியம்தானே?" என்று கேட்டாள் (ஆர்முடுகல் என்றால் வேகம் மாறும் வீதம்). இதே கணக்கை எத்தனையோ தரம் செய்தவள், மார்க்கரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சேர் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் போய்த்தான் பிடிபட்டது: ஆர்முடுகலும் பூச்சியமென்றால் பந்து அங்கேயே நின்றுவிடுமே, கீழே வராதே! உச்சியிலும் புவியீர்ப்பால் வரும் அதே 9.8 m/s²தான். அன்றைக்குத்தான் ஆர்முடுகல் என்றால் என்னவென்று எனக்கு உண்மையில் விளங்கியது.

2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி சேர் சொல்லியிருக்கிறார். பிறகு கற்பிக்க வேண்டிவரும் என்று நினைத்துப் படித்தவர்கள், சோதனைக்கென்று படித்தவர்களைவிடக் கூடுதலாகவும் ஒழுங்காகவும் நினைவில் வைத்திருந்தார்களாம், கடைசியில் யாருக்கும் கற்பிக்காமலேயே. என் முறை வராத கிழமைகளிலும் நான் அப்படித்தான் படித்தேன், அதனால் நம்புகிறேன்.

குறையும் இருக்கிறது. பாடத்திட்டம் மெதுவாகத்தான் நகரும், கடந்தகால வினாத்தாள்களுக்கு நான் வேறிடம் போக வேண்டியதாயிற்று. முன்னால் நிற்பவர் பிழையாகச் சொன்னால் சேர் முடிவில்தான் திருத்துவார், அதற்குள் சிலர் பிழையையே கொப்பியில் எழுதிவிடுவார்கள். கூச்ச சுபாவமுள்ள என் தோழி இரண்டு கிழமையில் நின்றுவிட்டாள். அவளை முதலில் இரண்டு பேருக்கு மட்டும் விளங்கப்படுத்த விட்டிருக்கலாம், அது எனக்கு இன்னும் கவலைதான்.

சேருவதென்றால் 12ஆம் தரத் தொடக்கத்திலேயே சேருங்கள், கடைசி வருஷத்தில் போய் இந்த வேகத்தோடு இழுபட முடியாது. தம்பியை நானே போன மாதம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.