பெட்ராவின் ‘ஜெக்கில் அண்ட் ஹைட்’: ஆங்கிலத் தட்டும் ஸ்பானிஷ் தட்டும்

1972இல் அமெரிக்காவின் இண்டியானாவில் தொடங்கிய கிறிஸ்தவ ராக் இசைக்குழு பெட்ரா, ‘ஜெக்கில் அண்ட் ஹைட்’ தொகுப்பின் பத்துப் பாடல்களை 2003இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. 2004இல் ஸ்பானிஷ் பதிப்பு வந்தது. 1992இலேயே ‘பெட்ரா என் அலபான்சா’ என்று ஸ்பானிஷில் பாடியவர்கள்தான். ஆனால் அது துதிப்பாடல் தொகுப்பு. நிதானமான மெட்டில் மொழி மாறினாலும் சேதம் குறைவு. இங்கே பாப் ஹார்ட்மனின் கிதார் வெட்டி வெட்டி நிற்கிறது. தயாரிப்பாளர் பீட்டர் ஃபர்லரே டிரம்ஸும் வாசித்திருக்கிறார். அடி விழும் இடத்தில் சொல்லும் முடிந்தாக வேண்டும்.

ஸ்பானிஷ் திணறுவது அங்கேதான். ‘ஸ்டாண்ட்’ ஓரசை, மெய்யில் முடிகிறது, பட்டென்று மூடிக்கொள்ளும். ‘எழுந்து நில்’ என்பதற்கான ‘லெவாந்தாத்தே’ நான்கு அசை, உயிரில் முடிகிறது. இப்படிப்பட்ட இடங்களில் பொருளைச் சுருக்க வேண்டும், அல்லது பக்கத்துப் பக்கத்து உயிர்களை ஒரே சுரத்தில் ஒட்ட வேண்டும். நாடு எங்கும் ‘நாடெங்கும்’ ஆவதுபோலத்தான். இது தெரியாமல் அசை எண்ணிக் கேட்டால் பாடகர் சொல்லை விழுங்குவதாகத் தோன்றும்.

உச்சத்தில் நீட்டும் இடங்களில் கதை தலைகீழ். பாடகர் ஜான் ஷ்லிட்டின் குரலுக்கு ‘ஆ’, ‘ஓ’ என்று திறந்த உயிர் கிடைத்தால் போதும், உயிரில் முடியும் ஸ்பானிஷ் சொற்கள் அதைத் தருகின்றன. வேகப் பாடல்களுக்கு ஆங்கிலம், நிதானமானவற்றுக்கு ஸ்பானிஷ்: பலமுறை கேட்ட பிறகும் இந்தத் தீர்ப்பு மாறவில்லை. தலைப்புப் பாடலை மட்டும் விவிலியத்தின் ரோமர் 7ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுக் கேளுங்கள். “விரும்பாத தீமையையே செய்கிறேன்” என்ற பவுலின் புலம்பல்தான் அதன் அச்சு. மொழி எதுவானாலும் பிடிபடும்.

ஒப்பிடும்போது ஒலியளவைச் சமன்செய்யுங்கள். சத்தம் கூடிய தட்டே நன்றாயிருப்பதாகக் காது ஏமாறும். இரண்டிலும் வாத்தியப் பதிவு ஒன்றுதானா என்று பார்க்க, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரு கோப்புகளையும் முதல் டிரம் அடியில் பொருத்தி, ஒன்றின் ஒலியலையை மேல்கீழாகத் திருப்பி (இன்வெர்ட்), சேர்த்து ஒலிக்கவிடலாம். ஒரே பதிவானால் கிதார் வெகுவாக அடங்கிக் குரல்கள் மிஞ்சும். எம்பி3 வேண்டாம், சுருக்கத்தில் விடுபட்டவை இரைச்சலாகத் திரும்பும். மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) வேறுபட்டாலும் முழுதாக அடங்காது.

சிடியைக் கணினியில் ஏற்றும்போது இன்னொன்று. பாடல் பெயர்களைத் தானாக நிரப்பும் தகவல் தளங்கள் சில, தட்டைப் பாடல்களின் நீளத்தை வைத்தே அடையாளம் காண்பவை. நீளம் நெருங்கியிருந்தால் ஸ்பானிஷ் தட்டுக்கு ஆங்கிலப் பெயர்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர்களை உறையைப் பார்த்துக் கையால் திருத்திவிடுவதே மேல்.