கடல் தெரியாத கடலோர ரயில்: யாங்கோனிலிருந்து தவாய் வரை

பர்மாவின் தென்கடலோரத்தை ஒட்டி, யாங்கோனில் தொடங்கி பெகு, சைட்டோ, தட்டோன், மோல்மேன், யே வழியாகத் தவாய் வரை செல்லும் மீட்டர் கேஜ் பாதையைக் கடலோர ரயில் என்று நம்பி வரும் உறவினர்களிடம் நான் முதலில் சொல்லிவிடுவது, இதில் கடல் காற்று கிடைக்கும், கடல் கிடைக்காது என்பதைத்தான். பாதையின் பெரும்பகுதி கரையிலிருந்து உள்ளே தள்ளி, நெல்வயல்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவே போடப்பட்டிருக்கிறது. இங்கே எழுதுவதெல்லாம் 2021க்கு முன் சென்ற பயணங்களை வைத்துத்தான். அதன்பிறகு நாட்டு நிலைமையால் சேவைகள் நிற்பதும் மாறுவதுமாக இருப்பதால், குறிப்பாக மோல்மேனுக்குத் தெற்கே போகிறவர்கள் ஸ்டேஷனில் நேரில் விசாரிக்காமல் புறப்பட வேண்டாம்.

யாங்கோனிலிருந்து மோல்மேன் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பஸ் ஆறு, ஏழு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ரயிலுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் பிடிக்கும். ஆகவே வேகத்துக்காக இதில் ஏற ஒரு காரணமும் இல்லை. ஆர்டினரி கிளாஸில் மரச்சட்டம் அடித்த பெஞ்சுகள். அப்பர் கிளாஸில் அகலமான, சாய்த்துக்கொள்ளக்கூடிய மெத்தை இருக்கைகள். ஆனால் இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றுதானே. பெட்டி பக்கவாட்டில் ஆடுவதோடு விடாமல், சில இடங்களில் ஆளையே மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும். தலைக்கு மேலே வைத்த பையைக் கயிற்றால் கட்டாவிட்டால் அது யார் மடியிலாவது வந்து விழும். பகலில் இதைச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ளலாம். இரவு வண்டியில் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பஸ் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. கோயில் திருவிழாவுக்குப் போகும் நம் பர்மாத் தமிழ்க் குடும்பங்கள் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள் என்றாலும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலையில் தட்டோடு ஏறி வரும் பெண்களைப் பார்த்தபின் அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஊர் போய்ச் சேர்வது உண்டு. அவித்த காடை முட்டை, சோளம், இலையில் மடித்த பசையரிசிச் சோறு ஆகியவற்றோடு, நம் பருப்பு வடைக்குத் தங்கை முறையாகும் பெயாஜோவும் வரும். விற்கிற அம்மா அதைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கி, மேலே புளித்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். வண்டி கிளம்பிய பிறகும் பதறாமல் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். சன்னல்களில் கண்ணாடி இறக்கப்படுவது அபூர்வம் என்பதால், மழைக்காலத்தில் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த புதர்கள் உள்ளே புகுந்து இலைகளைக் கிழித்து மடியில் போட்டுவிட்டுப் போகும்; முழங்கையை வெளியே நீட்டி உட்காருவது நல்லதல்ல.

வழியில் குறுக்கிடும் சித்தௌங் ஆற்றின் பழைய பாலத்தை, ஜப்பானியர் நெருங்கியபோது, தம் படையில் பெரும்பகுதி இன்னும் எதிர்க்கரையில் இருக்கும்போதே பிரிட்டிஷார் 1942 பிப்ரவரி 23 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். மொத்தமாவுக்கும் மோல்மேனுக்கும் இடையிலான தான்லுவின் ஆற்றுப் பாலம் நம் காலத்தது. சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள இதன் சாலை 2005இல் திறக்கப்பட்டது. ரயில் அதன்பின் ஓடத் தொடங்கியது. அதுவரை வண்டி மொத்தமாவிலேயே நின்றுவிடும், பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு படகுக்கு ஓட வேண்டும். முகத்துவாரத்தின் அகலமும் மறுகரைக் குன்றின் மேல் வரிசையாக நிற்கும் பகோடாக்களும் சேர்ந்து தெரியும் இந்தச் சில நிமிடங்களுக்காகவே பகல் வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இருந்தாலும் இந்தப் பாதையில் நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் பகுதி, மோல்மேனிலிருந்து முடோன் வழியாகத் தன்பூசயாட் வரையிலான குறுகிய பயணம்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை பர்மா பக்கத்தில் வந்து முடிந்தது அங்கேதான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்த வேலையில் காய்ச்சலிலும் பட்டினியிலும் காலராவிலும் மாண்டார்கள். ஊரிலுள்ள போர்க் கல்லறையில் காமன்வெல்த், டச்சு வீரர்களின் கல்லறைகள் 3,700க்கு மேல் இருக்கின்றன. புல் ஒழுங்காக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றிலும் கல் பதித்திருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் அங்கே இல்லை. 2016இல் திறந்த அருங்காட்சியகத்தின் வெளியே ஜப்பானிய நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பொற்பாறைப் பகோடாவைப் பார்க்கச் சைட்டோவில் இறங்குவதோடு திரும்பிவிடாமல் இங்கேயும் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

யேயிலிருந்து தவாய் வரையிலான பகுதி 1990களில் போடப்பட்டது. கிராமத்து மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கியதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு 1998இல் பதிவு செய்திருக்கிறது. மோல்மேனில் விடியுமுன் ஏறினால் தவாயில் இரவில்தான் இறங்கலாம். காடு பார்க்க ஆசையும் கெட்டியான முதுகும் உள்ளவர்களுக்கு மட்டும் இது சரிப்படும், வயதான பெரியவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

டிக்கெட் விலை மிகக் குறைவு. வெளிநாட்டாரிடம் டாலரில் தனிக்கட்டணம் வாங்கும் வழக்கம் 2014 ஏப்ரலோடு நின்றது என்பதால், சென்னையிலிருந்து வரும் மாமாவும் மோல்மேன்காரரும் ஒரே கட்டணத்தைப் பர்மிய நாணயமான சாட்டில் கொடுத்து அருகருகே உட்காரலாம். மாமாவின் பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பகல் பயணத்துக்கு அப்பர் கிளாஸ், தன்பூசயாட் வரைக்கும் என்றால் ஆர்டினரியே போதும். உட்கார ஒரு தலையணையும் பை கட்ட ஒரு கயிறும் எடுத்துச் செல்லுங்கள்.