48 வோல்ட் 20 ஏஎச் சைக்கிள் பற்றரி ஒன்லைனில் வாங்க இருக்கிறவர்கள் காசு போட முதல் இதை வாசியுங்கள்

85,000 ரூபா. சைக்கிள் மோட்டருக்கு 48 வோல்ட் 20 ஏஎச் (அம்பியர் அவர், பற்றரியின் கொள்ளளவு) பற்றரி என்று வாங்கின காசு. வந்தது பழைய லப்டொப் பற்றரிகளில் கழற்றின செல்களை ஒட்டிச் சுற்றின பொட்டலம். விற்றவன் இப்போது போனே எடுப்பதில்லை. திருகோணமலையில் சைக்கிளுக்கு மோட்டர் பூட்டி ஓடுகிறவர்களும், பூட்ட யோசிக்கிறவர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். வாங்கும்போது பார்க்க வேண்டிய முக்கியமானவற்றைக் கீழே எழுதுகிறேன்.

பழையது புதியது என்று எல்லாச் சாமானும் விற்கிற ஒரு விளம்பரத் தளத்தில் வந்த விளம்பரம். புது கிரேட் ஏ செல், ஒரு வருட வொரன்டி, ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீற்றர். அடிமாட்டு விலை சொல்லியிருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும். மற்றவர்கள் சொல்கிற விலையைவிடக் கொஞ்சம்தான் குறைத்திருந்தான். அதில்தான் இவன்களின் கெட்டித்தனம் இருக்கிறது.

வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். மாம்பழப் படம் போட்ட மேசை விரிப்பின் மேல் நீல உறை சுற்றின பற்றரி, பக்கத்தில் மீற்றர், மீற்றரில் 54.6. பிறகு வொய்ஸ்: "அண்ணா, என்ட மனுசிட ஊரு உப்புவெளிதான். ட்ரிங்கோ ஆக்களுக்குப் பிழையான சாமான் தந்துபோட்டு நான் எப்பிடி அங்க வாற?" இந்த ஒரு வார்த்தைக்குத்தான் 85,000 ரூபாவும் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. அடுத்த நாளே கூரியரில் அனுப்பினான், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த 54.6ஐப் பற்றி முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். இந்த வகை 48 வோல்ட் லிதியம் பற்றரி என்பது 13 தொகுதி செல்லைத் தொடராக இணைத்தது. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், 13ஆல் பெருக்கினால் 54.6. செத்துக்கொண்டிருக்கிற பழைய செல்லும் சார்ஜரில் இருந்து கழற்றினவுடன் அதே 4.2ஐத்தான் காட்டும். தண்ணீர்த் தாங்கியின் உயரத்தை மட்டும் அளந்துபோட்டு எத்தனை லீற்றர் பிடிக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா? வோல்ட் உயரம், ஏஎச்தான் கொள்ளளவு. மீற்றர் வீடியோ கொள்ளளவைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

சைக்கிளில் இருப்பது பின் சில்லில் 500 வொட்ஸ் ஹப் மோட்டர், மோட்டருக்குப் போகிற மின்னைக் கட்டுப்படுத்துகிற 22 அம்பியர் கொன்ட்ரோலர். த்ரொட்டிலில் மட்டும் 25, 30 வேகத்தில் ஓடினால் கிலோமீற்றருக்கு 12 தொடக்கம் 15 வொட் அவர் தின்னும். 48ஐ 20ஆல் பெருக்கினால் 960 வொட் அவர், குறைந்தது 64 கிலோமீற்றர். அப்படியென்றால் நிலாவெளிக்குப் போய்த் திரும்பி, இன்னொரு தரமும் போய்வரலாம். இந்தப் பற்றரி ஒரு தரம்கூட முழுதாக வரவில்லை, சாம்பல்தீவுக்குக் கிட்ட நின்றுவிட்டது. உவர்மலை ஏற்றத்தில் இன்னும் மோசம். த்ரொட்டிலை முறுக்கியவுடன் 50இல் நின்ற வோல்ட் 42க்கு விழும், டிஸ்ப்ளே அணையும். சார்ஜரைச் செருகி எடுக்கும்வரை பற்றரி உயிர்க்காது.

வீட்டுக்கு வந்து சார்ஜில் போட்டால் மூன்றரை மணித்தியாலத்தில் பச்சை லைட். சார்ஜர் 2 அம்பியர். 2 தர மூன்றரை 7 ஏஎச். கடைசிப் பகுதியில் சார்ஜர் 2 அம்பியரும் கொடுப்பதில்லை, ஆகவே 7 என்பதுகூட உச்சக் கணக்கு. உண்மையான 20 ஏஎச் வெறுமையில் இருந்து நிரம்பப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். 20 என்று விற்றதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.

இவ்வளவையும் எழுதி அனுப்பினால் வந்த பதில்களைக் கேளுங்கள்.

"புது பற்றரி அண்ணா, அஞ்சாறு தரம் ஃபுல் சார்ஜ் போட்டா செட் ஆகும்." லிதியம் செல்லில் செட் ஆவதற்கு ஒன்றும் இல்லை. புதுச் செல் முதல் நாளே தன் முழு அளவைத் தரும்.

"உங்கட கொன்ட்ரோலர் பிழை அண்ணா." கொன்ட்ரோலர் பிழை என்றால் பழைய பற்றரியிலும் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

"கடல் காத்து அண்ணா, உப்புப் பிடிச்சிருக்கும்." பெட்டியில் இருந்து எடுத்த அதே கிழமையில் உப்பா?

பிறகு "திருப்பி அனுப்புங்க, பாத்துச் சொல்றன்" என்றான். விலாசம் கேட்டால் பதில் இல்லை. தளத்துக்கு முறைப்பாடு செய்தால், தாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைப்பது மட்டும்தான், காசுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். விளம்பரத்தைத் தூக்கினார்கள். இப்போது வேறு பெயரில் அதே மாம்பழ விரிப்பில் அதே நீலப் பொட்டலம் நிற்கிறது. 85,000 ரூபா போய்விட்டது.

கடைசியில் உறையை வெட்டிப் பார்த்தாயிற்று. 13 தொகுதி, தொகுதிக்கு 4 செல், மொத்தம் 52. பாதி பச்சை, பாதி இளஞ்சிவப்பு, சிலவற்றில் பழைய வெல்டிங்கைப் பிய்த்த தழும்பு அப்படியே இருக்கிறது. பீஎம்எஸ்ஸுக்கு (செல்களைக் கண்காணித்துக் காக்கிற சர்க்கிட்) போகிற சின்ன வயர்களில் ஒவ்வொன்றாக அளந்தால் 12 தொகுதி 4.1க்குக் கிட்ட, ஒன்று மட்டும் 3.4. காரணம் அதுதான். ஒரு தொகுதி இறங்கிவிட்டால், மற்ற 12இலும் சார்ஜ் இருந்தாலும் பீஎம்எஸ் மொத்தத்தையும் வெட்டும். 22 அம்பியரை நான்காகப் பிரித்தால் செல்லுக்கு 5.5 அம்பியர். பழைய லப்டொப் செல் அதைத் தாங்காது, சூடேறும். இணைத்த பட்டியும் நிக்கல் அல்ல, நிக்கல் முலாம் பூசின இரும்பு. ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டால் விடிய மண்ணிறத் துரு மிதக்கிறது. சுத்த நிக்கல் அப்படித் துருப்பிடிக்காது. எங்கள் ஊர்க் காற்றில் இரும்புப் பட்டி எத்தனை மாதம் தாங்கும்?

உறை வெட்டின படத்தை அனுப்பினவுடன் வந்த பதில்: "திறந்திட்டீங்க, வொரன்டி இல்ல." அதோடு புளொக்.

சரி, பார்க்க வேண்டியவை. கோபத்தில் விரிவாக எழுத முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 48 வோல்ட் 20 ஏஎச் என்றால், மிக நல்ல செல் போட்டாலும் செல்லின் நிறை மட்டும் மூன்றரைக் கிலோவுக்கு மேல். 2500 எம்ஏஎச் (2.5 ஏஎச்) சாதாரணச் செல் என்றால் தொகுதிக்கு 8 வீதம் 104 செல், நாலரைக் கிலோவைத் தாண்டும். இந்தப் பொட்டலம் பீஎம்எஸ், உறை எல்லாம் சேர்த்து மூன்று கிலோகூட இல்லை. நிறையில் ஏமாற்ற மண்ணோ இரும்போ வைக்கலாம், ஆகவே இது மட்டும் போதாது.

கொள்ளளவை மின்சுமை போட்டு, அதாவது பற்றரியில் இருந்து மின்னை இழுத்து, அளந்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் விடுங்கள்.

முழுக் காசையும் முற்பணமாகப் போடாதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் ஏஎச் எழுதியிருக்க வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தாலும் கையில் ஏதாவது எழுத்தில் இருந்தால்தான் வசதி. வட்ஸ்அப் வொய்ஸ்களை அழிக்க வேண்டாம்.

எல்எஃப்பி (லிதியம் இரும்பு பொஸ்பேட்) என்ற வேறு வகை 16 தொகுதிப் பற்றரிக்கு வருகிற 58.4 வோல்ட் சார்ஜரை இந்த 13 தொகுதிப் பற்றரிக்குச் செருகவே கூடாது, இதற்கு 54.6தான் உச்சம்.

ஏற்கெனவே இப்படி ஒன்று வாங்கி வைத்திருக்கிறவர்கள், இரவில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். பிள்ளைகள் படுக்கிற அறையில், கட்டிலுக்குக் கீழே வைக்காதீர்கள். வெளியே சீமெந்துத் தரையில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் உடனே கழற்றுங்கள்.