ஒரே திரையில் இரண்டு ஆப்: பிரிப்பதா, மிதக்கவிடுவதா, மாற்றி மாற்றிப் போவதா?

போனில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க இப்போது நான்கு வழி இருக்கிறது. திரையை மேல் பாதி கீழ் பாதி என்று பிரிக்கலாம், அதுதான் ஸ்ப்ளிட் ஸ்க்ரீன். ஒரு ஆப்பைச் சின்னப் பெட்டியாக்கி இன்னொரு ஆப்பின் மேல் மிதக்கவிடலாம். வீடியோவையோ வீடியோ காலையோ மட்டும் மூலையில் ஓடவிடலாம், பிக்சர் இன் பிக்சர் என்கிறார்கள். இல்லையென்றால் எதையும் பிரிக்காமல், விரலால் பக்கவாட்டில் தள்ளி இந்த ஆப்புக்கும் அந்த ஆப்புக்கும் போய் வரலாம். ரிச்சி தெருவில் எந்தக் கடையில் போன் கேட்டாலும் முதல் வழியைத்தான் ஆசையாகச் செய்து காட்டுவார்கள். ஆனால் நான்கில் எது எந்த வேலைக்கு என்று யாரும் சொல்வதில்லை.

சென்னையில் எத்தனையோ வீடுகளில் லேப்டாப் கிடையாது. பையனின் படிப்பு, அம்மா வாட்ஸ்அப்பில் நடத்தும் புடவை வியாபாரம், கரண்ட் பில், பேங்க் எல்லாமே ஒரு போனில்தான். அந்த ஒரு திரையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் தினமும் அரை மணி நேரம் மிச்சமும் ஆகலாம், வீணாகவும் போகலாம். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவதற்கு ஸ்ப்ளிட் ஸ்க்ரீன்தான் சரி. நீளமாக டைப் செய்ய வேண்டும் என்றால் பிரிக்கவே கூடாது, மாற்றி மாற்றிப் போவதுதான் வேகம். மற்ற இரண்டுக்கும் சின்னச் சின்ன வேலைகள்தான்.

ஏன் இப்படி என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். இன்று பரவலாக விற்கும், மூலைக்கு மூலை 6.5 அங்குல போனின் திரை, உயரமும் அகலமும் 20-க்கு 9 என்ற விகிதத்தில் இருந்தால், சுமார் 15 சென்டிமீட்டர் உயரம், 6.8 சென்டிமீட்டர் அகலம். நடுவில் பிரித்தால் ஒவ்வொரு ஆப்புக்கும் கிடைப்பது ஏழரைக்கு 6.8, கிட்டத்தட்ட ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் ஆப்பின் மேல்பட்டையும் கீழே இருக்கும் பட்டன் வரிசையும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இதில் டைப் செய்யத் தொட்டவுடன் கீபோர்டு வேறு எழும்புகிறது. நேராகப் பிடித்த போனில் கீபோர்டு கீழ்ப் பாதியின் பெரும்பகுதியை மூடிவிடும். அப்போது சில போன்களில் கீழே இருந்த ஆப் மேலே ஏறி மேல் ஆப்பை மறைக்கும், சிலவற்றில் இரண்டுமே நசுங்கும். எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் இந்தச் சண்டை தீராது, இடம் அவ்வளவுதான்.

சரி, ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் எங்கே ஜெயிக்கிறது? போன தடவை கட்டிய மின்வாரிய ரசீதின் போட்டோ கேலரியில் இருக்கிறது, அதிலுள்ள இணைப்பு எண்ணை இணையதளத்தில் போட வேண்டும். மேலே போட்டோ, கீழே பிரவுசர். பார்த்துக்கொண்டே நாலு நாலு எண்ணாக அடித்தால் ஒரு எண்கூடத் தப்பாது. மாற்றி மாற்றிப் போய் அடித்தால் நடுவில் ஒரு எண் நழுவும், அப்புறம் வேறு யாரோ ஒருவருடைய பில் வந்து நிற்கும். அதே மாதிரி வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை ஷீட்டில், அதாவது கட்டம் போட்ட கணக்கு அட்டவணையில், ஏற்றுவது. பெயர், புடவையின் நிறம், எத்தனை, பின்கோடு என்று ஒவ்வொரு கட்டமும் நாலைந்து எழுத்துதான், கண் மட்டும் மேலும் கீழும் போனால் போதும். இரண்டு பேருந்து வழிகளையோ இரண்டு கடைகளின் விலையையோ ஒப்பிடுவதும் இதில் சேரும். அதில் டைப்பிங்கே கிடையாது. இந்த வேலைகளில் மற்ற மூன்று வழிகளும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

போட்டோவில் இருக்கும் எண்ணைத் தானாகப் படித்து எடுக்க கூகுள் லென்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அச்சு தெளிவாக இருந்தால் லென்ஸ் இன்னும் வேகம்தான், தொட்டு எடுத்து ஒட்டிவிடலாம். கையால் எழுதிய ரசீது, மங்கிப்போன பிரின்ட் என்றால் நம் கண்ணை நம்புவதே மேல்.

இதற்கான வசதி புதிதும் இல்லை. சாம்சங் நோட் வரிசையில் 2012-லேயே மல்டி விண்டோ வந்துவிட்டது. கூகுள் 2016-ல் ஆண்ட்ராய்டு 7-ஓடு எல்லோருக்கும் கொடுத்தது. இப்போது கூகுளின் பிக்சலிலும் சாம்சங்கிலும், திறந்த ஆப்களை வரிசையாகக் காட்டும் ரீசன்ட்ஸ் திரைக்குப் போய் ஆப்பின் ஐகானைத் தொட்டால் பிரிக்கும் வசதி வரும். ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்களில் மூன்று விரலால் கீழிருந்து மேலே தள்ளினால் போதும். பிரித்த பிறகு நடுக்கோட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள், அதை இழுத்து மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ள முடியும். தினமும் அதே இரண்டு ஆப்தான் என்றால் ஜோடியாகச் சேமித்து முகப்பில் ஒரே ஐகானாக வைக்கலாம். சாம்சங்கில் இது நோட் 8 காலத்திலிருந்தே உண்டு, பிக்சலில் ஆண்ட்ராய்டு 15-ஓடு நன்றாக நிலைபெற்றது. ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் அலுத்துப்போய் விட்டுவிட்டேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஜோடி வசதியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் பிரிக்க நாலு தட்டு தட்ட வேண்டியிருந்தால் யாருக்கும் வெறுத்துத்தான் போகும்.

இப்போது படிப்புக்கு வருவோம், ஏனென்றால் ஸ்ப்ளிட் ஸ்க்ரீனைப் பற்றி அதிகமாகப் பேசுவது இங்கேதான். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் ஒருவர் மேலே யூட்யூப் வகுப்பு, கீழே நோட்ஸ் ஆப் என்று வைத்திருப்பதை பீச் - தாம்பரம் லோக்கலில் எந்த நாளும் பார்க்கலாம். பாராட்ட வேண்டிய உழைப்பு, ஆனால் அந்த ஏற்பாடு அவருக்கு உதவவில்லை என்பது என் கருத்து. 6.8 சென்டிமீட்டர் அகலத்தில் வீடியோ ஓடினால் அதன் உயரம் 3.8 சென்டிமீட்டர்தான். ஆசிரியர் போர்டில் எழுதும் எழுத்து அதில் எறும்பு ஊர்வது போலத் தெரியும். போனைப் படுக்க வைத்து முழுத் திரையில் பார்த்தால் அதே வீடியோ 12 சென்டிமீட்டர் அகலம், 6.8 உயரம் ஆகிறது, பரப்பு மூன்று மடங்குக்கும் மேல். அதனால் வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு நான் சொல்வது, வீடியோ முழுத் திரையில், குறிப்பு காகித நோட்டில். தேர்வுக்குப் படிக்கும்போது கையால் எழுதுவதும் மனதில் தங்கும். ரயிலில் நோட்டு விரிக்க இடமில்லை என்றால் வகுப்பை அப்போது காதால் கேளுங்கள், குறிப்பை இறங்கிய பிறகு எழுதுங்கள். ஸ்ப்ளிட் ஸ்க்ரீனில் படிப்புக்கு நல்ல பயன் வேறொன்று இருக்கிறது. மேலே வினாத்தாளின் பிடிஎஃப், கீழே விடைக்குறிப்பின் பிடிஎஃப். அதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

வீடியோவை மூலையில் சிறிதாக ஓடவிடுவது படிப்புக்கு இன்னும் மோசம், பெட்டி அதைவிடச் சின்னது. அதன் சரியான இடம் முகம் பார்க்கும் பேச்சு. வெளியூரில் இருக்கும் பாட்டியோடு வாட்ஸ்அப் வீடியோ கால், அவர் கேட்கும் மருந்துச் சீட்டைத் தேடி கேலரிக்குள் போகிறீர்கள், பாட்டியின் முகம் மூலையில் இருந்துகொண்டே இருக்கும். இதற்காகத் திரையைப் பிரிப்பது தேவையில்லாத வேலை. போனுக்கு இந்த வசதி ஆண்ட்ராய்டு 8-ல், 2017-ல் வந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் அந்தப் பெட்டியைக் கிள்ளிப் பெரிதாக்கலாம், ஓரத்தில் ஒதுக்கியும் வைக்கலாம். ஒரு குறை இருக்கிறது, வழக்கமான ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் இப்படி மூலையில் இருக்க முடியும். கூகுள் மேப் மூலையில் ஓடும்போது வீடியோ காலும் மூலைக்கு வந்தால் ஒன்று போய்விடும்.

மிதக்கும் ஜன்னலைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. சாம்சங்கில் பாப்-அப் வியூ, ஷாவ்மியில் ஃப்ளோட்டிங் விண்டோ என்று பெயர்தான் மாறுகிறது. முழு ஆப்பே சின்னப் பெட்டிக்குள் வந்துவிடும், இழுக்கலாம், பெரிதாக்கலாம், குமிழாகச் சுருக்கலாம். ஆனால் எங்கே வைத்தாலும் அடியில் இருக்கும் எதையோ ஒன்றை அது மறைக்கும், நமக்குத் தேவையான பட்டன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கால்குலேட்டருக்கு மட்டும் இது அருமை. கோயம்பேட்டில் மொத்த விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே கிலோ கணக்குப் போட, பெட்டியைத் திறந்து, கணக்குப் பார்த்து, உடனே மூடிவிடலாம். பணம் கட்டும் ஆப்பின் மேல் எதையும் மிதக்கவிடாதீர்கள். சில பேங்க் ஆப்கள் மேலே வேறு ஜன்னல் இருந்தால் வேலை செய்யவே மறுக்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. திரைக்கு மேல் போலித் திரை போட்டு ஏமாற்றும் ஆப்கள் உண்மையாகவே உண்டு. யுபிஐ பின் அடிக்கும்போது திரையில் அந்த ஒரு ஆப் மட்டும்தான் இருக்க வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

யாரும் பெருமையாகப் பேசாத நான்காவது வழிதான் என் பார்வையில் தினசரி வாழ்க்கைக்கு முதலிடம். பட்டன் இல்லாமல் விரலசைவில் இயக்கும் ஜெஸ்சர் முறை வைத்திருந்தால் திரையின் அடிக்கோட்டில் விரலைப் பக்கவாட்டில் தள்ளினால் முந்தைய ஆப். மூன்று பட்டன் வைத்திருந்தால் சதுர பட்டனை டக் டக் என்று இருமுறை தட்டினால் அதே வேலை நடக்கும், இது ஆண்ட்ராய்டு 7 முதலே பல போன்களில் இருக்கிறது. காலை நேர லோக்கலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும்போது மிச்சமிருப்பது ஒரு கட்டைவிரல்தான், அந்த ஒரு விரலுக்கு அடங்கும் வழி இது மட்டுமே. ஒவ்வொரு ஆப்புக்கும் முழுத் திரை கிடைக்கிறது, கீபோர்டு எழும்பினாலும் மேலே நாம் எழுதுவது தெரிகிறது. வாடகைக்கு வீடு பார்க்கும் ஒருவர் விளம்பரத்தைப் படித்து உரிமையாளருக்கு நீளமான மெசேஜ் அனுப்புவது, கம்பெனி மெயிலைப் பார்த்துப் பதில் எழுதுவது எல்லாம் இப்படித்தான் வேகமாக முடியும். கூகுள் கீபோர்டான ஜிபோர்டில், காப்பி செய்தவற்றைச் சேர்த்து வைக்கும் கிளிப்போர்டை ஆன் செய்துவிட்டால் இதன் பலம் இரட்டிப்பாகும். மூல ஆப்பில் நாலைந்து துண்டுகளை ஒவ்வொன்றாக காப்பி செய்துவிட்டு, ஒரே முறை அடுத்த ஆப்புக்குப் போய் எல்லாவற்றையும் ஒட்டலாம். காப்பி செய்தவை ஒரு மணி நேரம் அங்கே இருக்கும், பின் செய்தால், அதாவது குத்தி நிறுத்தி வைத்தால், அதற்கு மேலும் இருக்கும். பாஸ்வேர்டை மட்டும் அப்படிப் பின் செய்து வைக்காதீர்கள்.

இந்த வழிக்கு எதிரி, திறந்த ஆப்களைப் போன் வைத்திருக்கும் நினைவிடமான ரேம் போதாமல் போவது. 4 ஜிபி போனில் ஒரு கனமான ஆப்பை விட்டு வெளியே போனால் திரும்பி வரும்போது அது முதலிலிருந்து திறக்கும், பாதி நிரப்பிய படிவம் காலி. இரண்டையும் கண் முன்னால் வைக்கும் ஸ்ப்ளிட் ஸ்க்ரீனில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் குறைந்த ரேம் போன்களுக்கான ஆண்ட்ராய்டு கோ பதிப்போடு வரும் மலிவு போன்களில் ஸ்ப்ளிட் ஸ்க்ரீனே பெரும்பாலும் இருக்காது, அதையும் போன் வாங்கும் முன் கடையில் செய்து பார்த்துவிடுங்கள். பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஆண்ட்ராய்டு 10-க்கு முன்பு பிரித்த திரையில் நாம் தொட்ட ஆப் மட்டும்தான் முழுதாக உயிரோடு இருக்கும், மற்றதை சிஸ்டம் இடைநிறுத்திய நிலையில் வைக்கும். கீழே தொட்டதும் மேலே சில ஆப்களில் வீடியோ நின்றதற்கு அதுதான் காரணம், போன் பழுது இல்லை.

ஐபோன்காரர்களுக்குத் தேர்வு சுலபம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே ஐபோன் தயாராகிறது, ஆனால் எந்த மாடலிலும் திரையைப் பிரிக்கும் வசதி இல்லை. மூலையில் ஓடும் வீடியோ ஐஓஎஸ் 14 முதல், 2020-லிருந்து இருக்கிறது, அடிக்கோட்டில் தள்ளி மாற்றுவது வெண்ணெய் போல வழுக்குகிறது. ஆர்டர் ஏற்றும் வியாபாரம் செய்பவர் ஐபோன் வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு இது பெரிய இழப்பு என்று நான் நினைக்கவில்லை.

வண்டி ஓட்டும்போது இந்த நான்கில் எதுவும் வேண்டாம். உணவு கொண்டு போகும் தம்பிகள் ஹேண்டில்பாரில் மேப்பையும் ஆர்டர் ஆப்பையும் பிரித்து வைத்துக்கொண்டு அண்ணா சாலையில் போவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. 2020-ல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதி, கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும்தான், அதுவும் கவனம் சிதறாதபடி, அனுமதிக்கிறது. மேப் முழுத் திரையில், குரல் வழிகாட்டல் சத்தமாக, புது ஆர்டர் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்.

தினமும் மணிக்கணக்கில் இரண்டு ஆப் தேவைப்படுபவருக்குப் போனில் தந்திரம் தேடுவதைவிடப் பெரிய திரைதான் தீர்வு. புத்தகம் மாதிரி மடிக்கும் போன்கள் இந்த வேலைக்கு நன்றாக இருக்கின்றன, சாம்சங் ஃபோல்டில் மூன்று ஆப்கூட வைக்கலாம், ஆனால் விலை பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டுகிறது. 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும் 11 அங்குல டேப்லெட்டைப் படுக்க வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம் வரும். முழு போன் திரையே 6.8 தான். புடவை வியாபாரத்தை வீட்டிலிருந்து நடத்தும் அக்காக்களுக்கு அடுத்த போனுக்கு ஒதுக்கிய பணத்தில் இதை வாங்கச் சொல்வேன், பழைய போனே இன்னும் இரண்டு வருஷம் ஓடும்.