பொம்மைக் கடை ஸ்கேட்போர்டில் ஆலி வருமா?

வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் பொம்மைக் கடை வாசல்களில் தொங்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் போர்டைப் பற்றித்தான் இது. நீளம் 31 அங்குலம், அகலம் 8. அளவில் குறை இல்லை. உருட்டிப் பழக 5க்கு 3 கொடுக்கலாம். ஆலிக்கு, அதாவது கையால் பிடிக்காமல் போர்டோடு துள்ளி எழும்பும் வித்தைக்கு, 1தான்.

காரணம் மரம். அமெரிக்க ஸ்கேட்டர் ஆலன் கெல்ஃபாண்ட் 1970களில் முதலில் ஆலி அடித்தது ஸ்கேட்டிங் குழியின் வளைந்த சுவரில். ஏறுகிற வேகமே அங்கே தூக்கிவிடும். 1982இல் இன்னொரு ஸ்கேட்டர் ராட்னி மல்லன் அதைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தார். இங்கே போர்டை எழுப்புவது, வால் (பின்நுனி) தரையில் படும் அந்த ஓர் அடிதான். ஏழு அடுக்கு மேப்பிள் பலகை 'டக்'கென்று எகிறும். மட்ட மரம் 'தொப்'பென்று அமுங்கும், வாலும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அடுத்தது மேலே ஒட்டிய உப்புத்தாள் மாதிரியான கிரிப். பின்கால் விரல்பகுதி வால் நுனியில், முன்கால் முன்பக்க நட்டுகளுக்குச் சற்றுப் பின்னால். குதிக்கும்போதே கணுக்காலால் வாலைத் தட்டி, முன்கால் ஷூவின் வெளி ஓரத்தை மூக்குவரை (முன்நுனி) உரசி இழுக்க வேண்டும். கிரிப் வழவழவென்றிருந்தால் ஷூ பிடிக்காது. போர்டு செங்குத்தாக நின்று முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். எந்த போர்டானாலும், குதிக்காமல் வாலை மிதித்தால் அது எழும்பாது, தோள் திரும்பினால் போர்டும் திரும்பும். இறங்கும்போது இரண்டு பாதமும் நட்டுகளுக்கு மேல் விழ வேண்டும். நடுவில் விழுந்தால் பலகை முறியலாம்.

வாங்குமுன் ஓரத்தில் அடுக்குகளை எண்ணுங்கள். டிரக் (சக்கரங்களைத் தாங்கும் அச்சுப் பாகம்) பிளாஸ்டிக் என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஆலி இறங்கும் அடியில் விரிசல் விடும், அதற்கு மேல் செலவழிப்பதும் தண்டம். டிரக் உலோகம், பலகைதான் மோசம் என்றால் பலகையையும் கிரிப்பையும் மட்டும் மாற்றினால் போதும். ஆலி பழக 52 முதல் 54 மில்லிமீட்டர் வரையிலான கெட்டிச் சக்கரம் சரி. பேவர் பிளாக் தெருவில் அது உதறும். வழுவழுப்பான சிமெண்டுத் தரையாகப் பாருங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை ஓரத்தில் ஓட்டினால் உப்பும் மணலும் பேரிங்கை அரிக்கும். தண்ணீரில் கழுவாதீர்கள். கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள்.