பழைய லேப்டாப்பில் ரைட்டர்: இரண்டு வருட அனுபவம்

எங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலரைத் தொகுக்கிற வேலை என் தலையில் விழுந்தபோதுதான் லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது தெரிந்தது. 4 ஜிபி ராம், சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. எழுத்து வேலைக்கான இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் 180 பக்கம், நூற்றுச் சொச்சம் படங்கள், எல்லாம் செல்போனில் எடுத்ததை அப்படியே ஒட்டியவை. ‘கொ’ அடித்தால் முதலில் வெறும் ‘க’ நிற்கும். கொம்பும் காலும் ஆற அமர வந்து சேரும். பொறுமையில்லாமல் இன்னொரு தட்டு தட்டினால் ‘கொஒ’ ஆகிவிடும். பிழை திருத்த உட்கார்ந்தவன் பிழைகளை விதைத்துக்கொண்டிருந்தேன்.

பழுது பார்க்கும் கடையில், “புதுசு வாங்கிடுங்க சார்” என்றார்கள். மலர் வேலைக்குக் கூலியே கிடையாது!

சரி என்று டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், லிப்ரே ஆபிஸ் தலைப்பின் கீழுள்ள ‘வியூ’ பக்கத்தைத் திறந்தேன். 2020இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, விண்டோஸில் திரையை வரைவது ஸ்கியா என்கிற நிரல்தொகுப்பு. முடிந்தவரை அது வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் தள்ளும். என் சிப்போ அரதப் பழசு. ‘ஃபோர்ஸ் ஸ்கியா சாஃப்ட்வேர் ரெண்டரிங்’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, ரைட்டரை மூடித் திறந்தேன். வரைகிற வேலை பிராசஸருக்கு மாறியது. தட்டின எழுத்து தட்டினதும் வந்தது. ஆனால் எல்லோருக்கும் இது மருந்தல்ல. நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிற நண்பர் இதையே செய்து, ஸ்க்ரோல் இழுக்கிறது என்று திட்டினார்.

அப்புறம் வியூ மெனுவில் ‘இமேஜஸ் அண்ட் சார்ட்ஸ்’ டிக்கை எடுத்தேன். படங்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள்தான் தெரியும், பக்க அமைப்பு குலையாது. ஸ்க்ரோல் பண்ணும்போது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஒருநாள் விழாக்குழுத் தலைவர் எட்டிப் பார்த்து, “சாமி படமெல்லாம் எங்கே தம்பி?” என்று பதறினார். திரும்ப டிக் அடித்துக் காட்டிய பிறகுதான் காபி குடித்தார்.

வேகத்துக்காகத் திரை அலங்காரங்களை நிறுத்துகிற விண்டோஸின் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ அமைப்பில் மட்டும் சூடுபட்டேன். அது எழுத்தின் ஓரங்களை மென்மையாக்குவதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. சின்ன எழுத்தில் மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோலத் தெரிந்தால் மெய்ப்பு பார்ப்பது எப்படி? ‘ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்க்ரீன் ஃபான்ட்ஸ்’ என்பதை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டேன். அசைவு, நிழல் வகையறா எல்லாம் போனது போனதுதான்.

இரண்டு வருடமாக இதே அமைப்பில்தான் ஓடுகிறது. கோப்பைத் திறப்பதும் சேமிப்பதும் இன்னமும் மெதுவாகத்தான் நடக்கிறது. அதற்குத் திரை அமைப்பு என்ன செய்யும், ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டும். இப்போதைக்குச் சேமிக்கிற நேரத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.