ஆர்தருக்கு எவ்வளவு சாப்பாடு போட்டாலும் உடம்பு தேறல

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் மெசேஜ் போட்டான், "மச்சி, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேம் சேல்ல கம்மியா வந்திருக்கு, வாங்கலாமா?"ன்னு. ஒரு வார்த்தையில பதில் சொல்ல வரல, அதான் இவ்வளவு எழுதுறேன். முடிவு தெரிய வேண்டாம்னு நினைக்கிறவங்க இதோட நிறுத்திக்கோங்க.

கிராஃபிக்ஸ், வேட்டை பத்தியெல்லாம் 2018லேர்ந்து எல்லாரும் பேசி முடிச்சாச்சு. எனக்கு இன்னும் ஆறாதது ஒண்ணுதான், நாம ஆடுற ஹீரோ, கொள்ளைக் கும்பல்ல இருக்கிற ஆர்தர் மார்கனுக்கு வந்த டிபி.

ரெண்டாவது சாப்டர்ல கும்பலுக்காக வட்டிக்கு விடுற ஸ்ட்ராஸ் நம்மள கடன் வசூலுக்கு அனுப்புவான். தாமஸ் டௌன்ஸ்னு ஒரு நோஞ்சான் மனுஷன், இருமிட்டே இருப்பார், அவரைப் புடிச்சு அடிக்கணும், அடிக்கும்போது அவர் இருமுறது நேரா ஆர்தர் மூஞ்சில தெறிக்கும். அப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. ரொம்ப நாள் கழிச்சு செயின்ட் டெனிஸ்ங்கிற ஊர்த் தெருவுல ஆர்தர் சுருண்டு விழுந்து, டாக்டர் டிபின்னு சொன்னப்பதான் அந்த மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. வழியில பாத்தவனுக்கெல்லாம் உதவி பண்ணி நல்லவனாவே ஆடினேன், ஆனா கதை நகரணும்னா அந்த அடியைத் தவிர்க்க வழியே வைக்கல. கோவம் அங்கதான்.

அதுக்கப்புறம் நான் பண்ணினதைக் கேளுங்க. மான் அடிச்சு சுட்டுப் போடுறேன், கேம்ப்ல குழம்பு, டானிக், வேளாவேளைக்குத் தூக்கம், எதுவும் குறை வைக்கல, ஆனா வெயிட் மட்டும் ஏறவே இல்ல, கன்னம் ஒட்டிப் போய் கண்ணு சிவந்துதான் நிக்கிறான். சாப்பிட்டா உயிர் ஏறும்னுதானே இத்தனை வருஷமா எல்லா கேமும் நம்மளப் பழக்கி வச்சிருக்கு! நியாயமா பாத்தா கேம் பண்ணினவங்க பக்கம் தப்பில்ல, கதை நடக்கிறது 1899ல, டிபியைக் குணப்படுத்துற முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடிச்சதே 1943லதான். இன்னைக்கு ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை போட்டா பெரும்பாலும் குணமாயிடும். இதெல்லாம் தெரிஞ்சும் மனசு கேக்கல.

கடைசி மிஷன்ல குதிரையையும் சுட்டுடுறாங்க. வாங்கின நாள்லேர்ந்து ஆப்பிள் கொடுத்து பிரஷ் போட்டு வளத்த கறுப்புக் குதிரை. பின்னாடி ஆளுங்க துரத்திட்டு வர்றாங்க, கூட ஓடி வர்ற கும்பல் கூட்டாளி ஜான் வா வான்னு கத்துறான், ஆர்தர் மட்டும் குதிரைகிட்ட மண்டி போட்டு, தடவிக் கொடுத்து தேங்க்ஸ் சொல்லிட்டு எந்திரிக்கிறான். அங்க கன்ட்ரோலரைக் கீழ வச்சேன். விடிஞ்சு வர்ற சூரியனைப் பாத்துட்டே அவன் சாகுறது கூட எனக்கு அவ்வளவு வலிக்கல.

அப்புறம் கதை 1907க்குப் போகுது. ஜானா மாறி பண்ணையில சாணி அள்ளுறோம், தலையில ஆர்தர் தொப்பி. நல்லா எழுதின பகுதிதான், வீடு கட்டுற இடமெல்லாம் அருமை, ஆனா எனக்கு ஜானைப் பாக்கவே புடிக்கல. 2012ல மாஸ் எஃபெக்ட் 3ங்கிற இன்னொரு கேமோட முடிவு புடிக்காம ஆளுங்க சண்டை போட்டு, முடிவை விரிச்சுச் சொல்ற எக்ஸ்டென்டட் கட்டே வாங்கினாங்க. இதுல எதையும் மாத்தச் சொல்லி நான் கேக்க மாட்டேன், மாத்தினா கதையே செத்துடும்.

நான் ஆடினதுலயே பெஸ்ட் கேம் இதுதான். ஆனாலும் அந்த ஃப்ரெண்டுக்கு "வேண்டாம்டா"ன்னுதான் ரிப்ளை பண்ணேன். ரெண்டாவது தடவை நானும் ஆரம்பிச்சு வச்சிருக்கேன், ரெண்டாவது சாப்டர்லயே நிக்குது, மீன் புடிக்கிறேன், வேட்டைக்குப் போறேன், டௌன்ஸ் வீட்டுப் பக்கம் மட்டும் குதிரையைத் திருப்புறதே இல்ல.